நாலு விரல் இடம்

“மறுபடியும் செத்துப்போச்சு, மிஸ்!”

மொட்டைமாடிக் கதவைத் தோளால் தள்ளிக்கொண்டு வந்த வேகத்திலேயே ஜெனோவா சொன்னாள். இடுப்பில் குழந்தை. கையில் எவர்சில்வர் டம்ளர். டம்ளருக்குள் பழுப்பு நிறத்தில், வழவழவென்று, மூக்குச்சளி மாதிரி ஒன்று.

கீரையின் வேர்.

மிஸ் என்று கூப்பிடப்பட்டவளுக்கு வயது இருபத்திரண்டு. பெயர் சண்முகக்கனி. தூத்துக்குடியில், கடல்காற்று உப்பைக் கொண்டுவந்து ஜன்னல் கம்பியெல்லாம் தின்கிற ஒரு நாலு மாடிக் கட்டடத்தின் உச்சியில், பச்சை வலைக்குக் கீழே, மண்ணே இல்லாமல் தண்ணீரில் கீரை வளர்ப்பவள். ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசினால் அதிகம். கட்டடத்துக்காரர்கள் அவளுக்கு ‘மாடிச் சாமியார்’ என்று பேர் வைத்திருந்தார்கள்.

மூன்றாம் மாடியிலிருந்து அவளிடம் கீரை வளர்க்கக் கற்றுக்கொள்ள வந்த ஜெனோவாவுக்கு இருபத்தொன்பது. ஏழு வயது மூத்தவள். ஆனால் கான்வென்டில் படித்தவள். அங்கே சொல்லித்தருகிறவர் யாரானாலும் மிஸ்தான்.

“மிஸ்னு கூப்பிடாதீய அக்கா,” என்று கனி முதல் நாளே சொல்லிப் பார்த்தாள்.

“சரி மிஸ்.”

அதோடு விட்டுவிட்டாள்.

இப்போது கனி டம்ளரை வாங்கி மூக்கருகே கொண்டுபோனாள்.

“சாக்கடை.”

“அதே வாடைதான் மிஸ்! நான் என்ன குறை வச்சேன், சொல்லுங்க? நீங்க சொன்ன சத்துத் தண்ணிதான். டப்பா விளிம்பு வரைக்கும் ஊத்துனேன். ஒரு விரல் குறைஞ்சாலும் ஓடிப்போய் ஊத்திருவேன். ஒரு நாள், ஒரு பொழுது, குறைய விட்டதே இல்ல.”

கனி மாடி அறைக்குள் போய் ஒரு லிட்டர் பாட்டிலில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள்.

“குடிங்க.”

“எனக்குத் தாகமில்லையே.”

“குடிங்க. வாய எடுக்காம.”

மிஸ் சொன்னால் செய்ய வேண்டும். ஜெனோவா குடித்தாள். கால் பாட்டில் போனது. அரை பாட்டில் போனது. வாயை எடுக்கப் பார்த்தாள். கனி ஒரு விரலால் பாட்டிலின் அடியைத் தூக்கிப் பிடித்தாள்.

புரையேறியது. தண்ணீர் மூக்கு வழியாக வந்தது. குழந்தையின் முகத்திலும் தெறித்தது. குழந்தை கெக்கெக்கென்று சிரித்தது.

“கொல்லப் பாக்கீங்களா மிஸ்!”

“ஏன் நிறுத்துனீய?”

“மூச்சு விட வேண்டாமா?”

கனி கையிலிருந்த டம்ளரைப் பார்த்தாள்.

ஜெனோவாவும் பார்த்தாள். இருமல் நின்றுபோயிற்று.

“அதுக்குமா?”

கனி குழாய் கழுவப் போய்விட்டாள்.

“வேருக்கும் மூச்சு வேணுமா மிஸ்? ஐயோ! விளிம்பு வரைக்கும் ஊத்தி ஊத்தி நானே முக்கிக் கொன்னிருக்கேனா!”

வழக்கமாக ஒவ்வொரு படியாகக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு இறங்குகிறவள் அன்றைக்குப் படியிறங்கினாளா, பறந்தாளா என்று அவளுக்கே தெரியாது.

*

பன்னிரண்டு நாள் கழித்து வந்தாள்.

“மிஸ், இந்தத் தடவை மேலே இடம் விட்டேன். மூச்சுக்கு. ஆறு செடி வச்சேன். அஞ்சு போச்சு.”

“என்ன நிறம்?”

“பச்சை! தண்ணி பச்சை, வேர் பச்சை. பாசி. கோயில் குளம் மாதிரி ஆகிப்போச்சு.”

“டப்பா?”

“கண்ணாடி மாதிரி டப்பா மிஸ்.” ஜெனோவாவுக்கு அதில் ஒரு பெருமை. “வளர்ப்பு மீன் விக்கிற கடையில தேடிப்பிடிச்சு வாங்குனேன். மூடியே திறக்க வேண்டாம். அடுப்படியில நின்னாக்கூட வேர் தெரியும்லா.”

கனி செல்போனை எடுத்தாள். டார்ச்சைப் போட்டாள். நேராக ஜெனோவாவின் கண்ணில் அடித்தாள்.

ஜெனோவா முகத்தைத் திருப்பினாள். வெளிச்சமும் திரும்பியது. கையால் மறைத்தாள். கனி சுற்றிவந்து அந்தப் பக்கம் அடித்தாள்.

“மிஸ்! கூசுது மிஸ்!”

துப்பட்டாவை முகத்தின்மேல் இழுத்துப் போட்டுக்கொண்ட பிறகுதான் கனி டார்ச்சை அணைத்தாள். துப்பட்டாவுக்குள் குழந்தையும் அம்மாவின் கழுத்தில் முகத்தைப் புதைத்திருந்தது.



“அமலி தூங்கும்போது லைட்டு எரியுமா?” என்று கனி கேட்டாள்.

அமலி என்பது குழந்தையின் பெயர். பதினோரு மாதம்.

“எரியும்.”

“எதுக்கு?”

“நெஞ்சு ஏறி இறங்குதான்னு பாக்கணும்லா.”

கனி சிரிக்கவில்லை. குழந்தையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு உள்ளே போய், டப்பாவுக்குச் சுற்ற ஒரு கறுப்புத் தாளும் ஒரு வெள்ளைத் தாளும் எடுத்து வந்தாள்.

“முதல்ல கறுப்பு. அதுக்கு மேல வெள்ளை.”

“கறுப்பு எதுக்கு மிஸ்?”

“வெளிச்சத்துக்கு.”

“வெள்ளை?”

“வெயிலுக்கு. தண்ணி சுட்டா வேர் வெந்துரும்.”

அன்றைக்குக் கனி பேசியதில் இதுதான் நீளம்.

*

மிச்சம் இருந்தது ஒரே ஒரு பாலக்கீரைச் செடி.

ஜெனோவா டப்பாவுக்குக் கறுப்புத் தாள் சுற்றினாள். வெள்ளைத் தாள் சுற்றினாள். பால்கனியில் வெயில் படாத மூலையில் வைத்தாள்.

நாலாம் நாள் மூடியைத் தூக்கினாள். மூடியில் செடியைத் தாங்கி நிற்கிற வலைக்கப்பின் அடியிலிருந்து, இட்லித் துணியின் நூல் மாதிரி, வெள்ளை வெளேரென்று ஒரு வேர்.

“அமலி! பாருடி! பாரு!”

அமலி பார்த்தாள். வாயில் போடக் கையை நீட்டினாள்.

அதன்பிறகு ஜெனோவாவால் சும்மா இருக்க முடியவில்லை. காலையில் தூக்கிப் பார்த்தாள். பல் தேய்த்துவிட்டுப் பார்த்தாள். சோறு வடித்துவிட்டுப் பார்த்தாள். இரண்டாவது வேர் வந்தது, மூன்றாவது வந்தது. செடியை வெளியே எடுத்து ஸ்கேல் வைத்து அளந்தாள். வழவழப்பு வந்திருக்கிறதா என்று விரலால் நீவிப் பார்த்தாள். கப்பலில் இருக்கிற புருஷனுக்கு வீடியோவில் காட்டினாள். இருட்டாக இருக்கிறது, ஒன்றும் தெரியவில்லை என்றார் அவர். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துக் காட்டினாள்.

தண்ணீர் குறைந்தது. குறைந்தால் அவளுக்கு நெஞ்சு பதறும். கொஞ்சமாக ஊற்றினாள். பிறகு இன்னும் கொஞ்சம்.

பத்தாம் நாள் வேரின் நுனிகள் பழுப்பேறியிருந்தன.

*

குழந்தையைத் துப்பட்டாவால் நெஞ்சோடு கட்டிக்கொண்டு, டப்பாவை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு, ஜெனோவா மேலே வந்தாள்.

“இது சாகக்கூடாது மிஸ்.”

“கீரைதான அக்கா.”

“இல்ல மிஸ்.”

“பின்ன?”

ஜெனோவா டப்பாவைக் கீழே வைத்தாள். நிமிரவில்லை.

“இவ எட்டாம் மாசமே பிறந்துட்டா. ஒண்ணேகால் கிலோ. முப்பத்தெட்டு நாள் ஆஸ்பத்திரியில கண்ணாடிப் பெட்டிக்குள்ள இருந்தா. என்னை உள்ள விடல. வெளிய நின்னு பாத்துக்கிட்டே இருந்தேன். கண்ணை எடுத்தா மூச்சு நின்னுருமோன்னு கண்ணையே எடுக்கல.”

கனி டப்பாவுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தாள்.

“இப்ப ஒண்ணு நெனச்சுட்டேன் மிஸ்.”

“என்ன?”

“இந்தச் செடி பிழைச்சா இவளும் நல்லா இருப்பா. இது செத்தா…”

மீதியைச் சொல்லாமல் வாயின்மேல் சிலுவை போட்டுக்கொண்டாள்.

“மாதாவுக்கு நேர்ந்தீயளா?”

“சே! நேரல. இப்படியெல்லாம் நேரக் கூடாதுன்னு சிஸ்டருங்க அடிச்சுச் சொல்லியிருக்காங்க. நானா மனசுக்குள்ள நெனச்சேன். நெனச்சதைத் திருப்பி எடுக்க முடியல.”

“அமலிக்கு இப்ப என்ன சீக்கு?”

“ஒண்ணுமில்ல.”

“டாக்டர் என்ன சொல்லுதாரு?”

“‘எடை நல்லா ஏறிருச்சு, நல்லா இருக்கா, இடுப்பிலேயே வச்சிருக்காதீங்க, தரையில இறக்கி விடுங்கம்மா’ங்காரு.”

“விட்டீயளா?”

ஜெனோவா துப்பட்டா முடிச்சை இன்னும் கொஞ்சம் இறுக்கினாள்.

கனி எழுந்தாள். ஒரு கத்தரிக்கோலை எடுத்து வெந்நீரில் முக்கினாள். உதறினாள். டப்பா மூடியைத் திறந்து செடியைத் தூக்கி, பழுத்த வேர்களைக் கொத்தாகப் பிடித்தாள்.

“மிஸ், என்ன செய்யப் போறீங்க?”

நறுக்.

“ஐயோ! மாதாவே! என் பிள்ள!”

ஜெனோவாவின் அலறலில் கைப்பிடிச் சுவரில் இருந்த புறாக்கள் எல்லாம் எழும்பிப் பறந்தன.

கனி நிறுத்தினாள். செடியை ஜெனோவாவின் முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தாள்.

“இது கீரை.”

துப்பட்டாவுக்குள் இருந்த அமலியை மோவாயால் காட்டினாள்.

“அது பிள்ள.”

மறுபடி நறுக். மறுபடி. பழுப்பெல்லாம் உதிர்ந்து, கட்டைவிரல் நீளத்துக்கு ஒரு வெள்ளைக் குஞ்சம் மட்டும் மிஞ்சியது. நல்ல தண்ணீரில் அலசினாள்.

பிறகு ஒரு புது டப்பா எடுத்தாள். உள்ளே கறுப்பு, வெளியே வெள்ளை. விளிம்பிலிருந்து நாலு விரல் அளந்து, பழுக்கக் காய்ச்சிய கம்பியால் பக்கத்தில் ஒரு ஓட்டை போட்டாள்.

“ஓட்டையா? ஒழுகுமே மிஸ்!”

“ஒழுகட்டும்.”

சத்துத் தண்ணீரை ஊற்றினாள். ஓட்டை வரை நிறைந்தது. மேற்கொண்டு ஊற்றியது வெளியே வழிந்தது. செடியை மூடியில் பொருத்தினாள். வலைக்கப்பின் அடி தண்ணீரைத் தொட்டும் தொடாமலும் நின்றது. மூடியைச் சுற்றி டேப் ஒட்டினாள். ஒரு சுற்று, இரண்டு சுற்று, மூன்று சுற்று.

“கொண்டு போங்க. திறக்காதீய.”

“எப்ப திறக்கணும்?”

“சொல்லுதேன்.”

“எத்தனை நாள்னு சொன்னா நோட்டுல குறிச்சு வச்சுக்குவேன்லா.”

“சொல்லுதேன்.”

*

“மிஸ், ரெண்டாம் நாள். திறக்கலாமா?”

“இல்ல.”

மூன்றாம் நாள் மத்தியானம் இலைகள் துவண்டு தொங்கின. மூடியைத் திறக்கக்கூடாது, சரி. மேலே கப்பில் ஊற்றக்கூடாது என்று மிஸ் சொல்லவில்லையே! ஜெனோவா ஒரு செம்புத் தண்ணீரை, கப்புக்குள் செடியைப் பிடித்திருக்கிற உருண்டைக் கல்மேல் கவிழ்த்தாள். இன்னொரு செம்பு.

அவ்வளவும் பக்கத்து ஓட்டை வழியாக அவள் காலிலேயே கொட்டியது.

மேலே ஓடினாள்.

கனி அவளைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. “கால் கழுவியாச்சா?”

“எப்படித் தெரியும் மிஸ்?”

“படியெல்லாம் தடம்.”

“இலை தொங்குது மிஸ்! வாடிப்போச்சு!”

“மணி என்ன?”

“ரெண்டு.”

“உங்க முகமும் வாடித்தான் இருக்கு.”

சாயங்காலம் காற்று திரும்பியதும் இலைகள் தானாக நிமிர்ந்தன. ஜெனோவா பால்கனித் தரையில் உட்கார்ந்து அதைப் பார்த்தாள். ஒவ்வொரு இலையாக, உறக்கம் கலைந்து எழுகிற மாதிரி எழுந்தது.

“மிஸ், அஞ்சாம் நாள்.”

“இல்ல.”

“ஏழாம் நாள்.”

“இல்ல.”

எட்டாம் நாள் மாடிப்படியிலிருந்தே சத்தம் வந்தது.

“இலை! மிஸ், புது இலை! நடுவுல! சுருட்டி வச்ச மாதிரி, பச்சையா, இத்தினிக்காணு!”

கனி கையிலிருந்த வாளியைக் கீழே வைத்தாள்.

“நிமிந்து நிக்குதா?”

“நிக்குது!”

“சரி.”

“அப்ப… உள்ள நல்லா இருக்குன்னுதான மிஸ் அர்த்தம்? பாக்காமலே தெரியுது, இல்ல? மேல இலை வந்தா கீழ வேர் வந்திருக்கணும்லா?”

கனி வாளியைத் தூக்கிக்கொண்டாள்.

ஆனால் அவள் உதட்டோரத்தில் ஏதோ அசைந்ததை ஜெனோவா பார்த்துவிட்டாள். அன்று முழுக்க அதை நினைத்து நினைத்து அடுப்படியில் தானாகப் பாடிக்கொண்டிருந்தாள்.

*

பத்தாம் நாள் ஜெனோவாவே மேலே வந்து கைகட்டி நின்றாள். முகம் செத்துப்போயிருந்தது.

“தப்புப் பண்ணிட்டேன் மிஸ்.”

“திறந்தீயளா?”

“திறக்கல. டேப்போட ஒரு முனையை நகத்தால தூக்கிட்டேன். இவ்வளவுதான். மறுபடி ஒட்டிட்டேன். ஆனா தூக்குனது தூக்குனதுதான்.”

கனி அந்த நகத்தைப் பார்த்தாள்.

“முட்டி போடணுமா மிஸ்?”

“கப்பு கழுவணும்.”

மூலையில் நூறு வலைக்கப்புகள் குவிந்து கிடந்தன. அறுவடை முடிந்தவை. ஒவ்வொன்றின் கண்ணிலும் பழைய வேர்த் துணுக்குகள் காய்ந்து ஒட்டியிருந்தன.

“ஒரு துணுக்கு மிஞ்சக் கூடாது. மிஞ்சினா அடுத்த செடிக்குச் சாவு,” என்று கனி ஒரு பிரஷ்ஷைக் கொடுத்தாள்.

ஜெனோவா ஒரு கையால் அமலியை இடுப்பில் பிடித்துக்கொண்டு மறு கையால் கப்பைத் தேய்த்தாள். கப் உருண்டு ஓடியது. காலால் மிதித்துக்கொண்டு தேய்த்தாள். மறுபடி ஓடியது.

“ரெண்டு கையும் வேணும்,” என்றாள் கனி.

“இவளை?”

கனி ஒரு சாக்கை விரித்தாள்.

ஜெனோவா சாக்கைப் பார்த்தாள். தரையைப் பார்த்தாள். ஈரம். பாசி. எறும்பு. புறா எச்சம். உப்புக்காற்று. நாலு மாடி உயரம்.

“தண்டனை சரிதான் மிஸ், ஆனா வேற ஏதாவது…”

“நூறு கப்பு.”

கைப்பிடிச் சுவர் நெஞ்சு உயரம். படிக்கதவைக் கனி சாத்திவிட்டு வந்தாள்.

ஜெனோவா அமலியைச் சாக்கில் உட்காரவைத்தாள். வைத்த கையை எடுக்க அவளுக்கு நெடுநேரம் ஆயிற்று.

அமலி இரண்டு உள்ளங்கையாலும் தரையைத் தட்டிப் பார்த்தாள். ஈரம் தெறித்தது. ஆச்சரியத்தில் வாய் திறந்துகொண்டது. மறுபடி தட்டினாள். பிறகு சாக்கைவிட்டு இறங்கி, வயிற்றால் நீந்தி, நேராகப் புறா எச்சத்தை நோக்கிக் கிளம்பினாள்.

“மிஸ்! போறா!”

“தேய்ங்க.”

“அதைத் தின்னுருவா மிஸ்!”

கனி போய்த் துடைப்பத்தால் அந்த இடத்தைப் பெருக்கிவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

“தேய்ங்க.”

நூறு கப் முடிய மூன்று நாளானது. மூன்று நாளும் அமலி தரையில்.

முடிந்த பிறகும் ஜெனோவா வந்தாள். குழாய் கழுவினாள். விதை ஊன்றினாள். அறுத்த கீரையைக் கட்டினாள். கை ஓயவில்லை, வாயும் ஓயவில்லை.

“மிஸ், அவ குழாயைப் பிடிச்சு எழும்பிட்டா!”

“ம்.”

“மிஸ், உங்க கீரையைப் பிச்சுத் திங்கா!”

“ருசி எப்படின்னு கேளுங்க.”

“துப்பிட்டா.”

“அது புதினா.”

“மிஸ், விழுந்துட்டா! நெத்தி! நெத்தியில… ஒண்ணுமில்ல, மண்ணுதான். சிரிக்கா, பாருங்க. சிரிக்காளே!”

“திறக்கலாமா” என்ற கேள்வி ஒரு நாள் தவறியது. யாரும் கவனிக்கவில்லை.

*

அன்றைக்குக் காலை படிக்கதவு தடாலென்று திறந்தது. ஜெனோவாவுக்குத் தலைகூட வாரியிருக்கவில்லை. மூச்சு இரைத்தது.

“நடந்துட்டா!”

கனி நிமிர்ந்தாள்.

“பிடிக்காம மிஸ்! கட்டில்ல இருந்து பீரோ வரைக்கும்! நாலு அடி! அஞ்சாவதுல தொப்புனு உக்காந்தா. நான் அடுப்படியில நின்னேன். நான் பாக்கவே இல்ல, அவளே எழும்பி அவளே… சத்தம் கேட்டுத் திரும்புனா, வந்துக்கிட்டே இருக்கா! இந்தா, இப்ப பாருங்க, விட்டுக் காட்டுதேன்.”

இறக்கிவிட்டாள். அமலி நடக்கவில்லை. உட்கார்ந்து ஒரு காய்ந்த இலையை எடுத்து ஆராய்ந்தாள்.

“இப்ப மாட்டேங்கா. ஆனா நடந்தா மிஸ், சத்தியமா!”

“அக்கா.”

“சொல்லுங்க மிஸ்.”

“இன்னைக்கு எத்தனாவது நாளு?”

“எதுக்கு?”

“டப்பா.”

ஜெனோவா வாயைத் திறந்தாள். விரலை மடக்கினாள். கப்பு கழுவியது மூன்று நாள், விதை ஊன்றியது ஒரு நாள், பிறகு புதினா, பிறகு நெற்றியில் மண்… விரல்கள் நின்றுவிட்டன. வாயில் கை போனது.

“மிஸ்… மறந்தே போச்சு.”

கனி சிரித்தாள். கட்டடத்தில் யாரும் கேட்டிராத சிரிப்பு. இருபத்திரண்டு வயதுப் பெண்ணின் சிரிப்பு.

“அப்ப வாங்க. திறக்கலாம்.”

மூன்று பேரும் இறங்கினார்கள். பால்கனி மூலையில் டப்பா இருந்தது. அதன்மேல் பாலக்கீரை அகலம் அகலமாக விரிந்து, கரும்பச்சையில், யாரும் ஏறெடுத்துப் பார்க்காத தைரியத்தில் நின்றது.

ஜெனோவா டேப்பின் முனையைத் தேடிக் குனிந்தாள். உள்ளே என்ன நிறம்?

அமலிதான் முதலில் கண்டுபிடித்தாள். டப்பாவின் பக்கத்தில் போய்க் குந்தி, சுட்டுவிரலை நீட்டினாள்.

நாலு விரலுக்குக் கீழே கனி போட்ட ஓட்டை. அந்த ஓட்டையிலிருந்து, கம்பளி நூல் போலப் பஞ்சு முடியோடு, பால் மாதிரி வெள்ளையாக ஒரு வேர் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது.

அமலி அதைத் தொடாமல் கையை எடுத்துக்கொண்டாள். டப்பாவைப் பிடித்து எழுந்தாள். பிடியை விட்டாள். கூடத்தைப் பார்த்துத் திரும்பினாள்.

ஒரு அடி. இரண்டு அடி. ஆடினாள்.

ஜெனோவாவின் கை பாய்ந்து போயிற்று.

நின்றது.

குழந்தையின் முதுகுக்கும் அந்தக் கைக்கும் நடுவே ஒரு நாலு விரல் இடம் இருக்கும்.

அமலி ஆடி, நிமிர்ந்து, மூன்றாவது அடியை எடுத்து வைத்தாள்.

“டேப்ப உரிக்கலையா அக்கா?” என்றாள் கனி.

ஜெனோவா ஏற்கனவே எழுந்து, ஓசைப்படாமல், பின்னாலேயே போய்க்கொண்டிருந்தாள்.

“அது இருக்கட்டும் மிஸ். இவ எங்கயோ கிளம்பிட்டா!”